உறவுமுறை என்றொரு கட்டம்

மகனே,

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நீ மூன்று பேருக்கு முன்னால் உட்காரப் போகிறாய். இப்போது பாளையங்கோட்டையில் உன் நண்பனின் அறையில் இருந்து படித்துக்கொண்டிருக்கிறாய். புதன்கிழமை மாலைதான் வீடு திரும்புவாய். அதற்குள் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும் என்று, நாளைக் காலை முதல் பேருந்தில் கொடுத்தனுப்புகிறேன். தொலைபேசியில் பேசினால் நான் பாதியில் சமாளித்துவிடுவேன். சமாளிப்பதில் எனக்கு நீண்ட காலப் பயிற்சி உண்டு. ஆகவே எழுதுகிறேன். உறையை ஒட்டாமல் விடுகிறேன். உனக்கென்றுதான் எழுதுகிறேன் என்றாலும், உன்னைப் போலவே சட்டையைத் தேய்த்து மாட்டிவிட்டு, சான்றிதழ்களை வரிசையாக அடுக்கிவிட்டு, எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் என்று கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்க்கிற எந்தப் பிள்ளையும் இதைப் படிக்கலாம். அவர்களுடைய தகப்பன்மார் படித்தால் இன்னும் நல்லது.

என் கோபம் உனக்குத் தெரியும். குரல் உயராது, தட்டில் சோறு மிஞ்சாது, பேச்சு மட்டும் குறையும். ஞாயிற்றுக்கிழமை மதியத்திலிருந்து நான் அப்படித்தான் இருக்கிறேன். உன் நேர்காணல் நெருங்கியதால் அப்பாவுக்குப் படபடப்பு என்று நீ நினைத்துக்கொண்டு பேருந்து ஏறினாய். அந்தக் கோபத்தில் சிறு பங்கு உனக்கு. மீதியை நானும் நீ பார்க்கப் போகிற அந்த மூன்று நாற்காலிகளும் பகிர்ந்துகொள்கிறோம்.

அன்று சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு எங்களை எதிரே உட்கார வைத்தாய். "அப்பா, நீங்கதான் போர்டு. அம்மா, நீ ஹெச்.ஆர். மேடம்" என்றாய். உன் அம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "நான் என்னத்தல கேக்க? சம்பளம் எம்புட்டு வேணும்னு கேக்கவா?" "அதக் கடைசிலதான்மா கேப்பாவ." "அப்ப நான் கடைசிலயே வாரேன். அடுப்புல பாலு கெடக்கு" என்று எழுந்து போனாள். நீ முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாய். நான் கேட்டதற்கெல்லாம் தெளிவாகப் பதில் சொன்னாய். சட்டப் பிரிவுகள், வாயுக்களின் அளவுகள், தீயணைப்பான் வகைகள், எல்லாம் சரி. பாதுகாப்பு டிப்ளமோவை நீ வெறும் தாளாக வாங்கவில்லை என்பது தெரிந்தது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பிறகு, நேர்காணல்களில் எப்போதும் வரும் கேள்விதானே என்று, "இந்தப் பகுதித் தொழிலாளர்களைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்?" என்று கேட்டேன்.

உன் முகம் மலர்ந்தது. அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவன் போல ஆரம்பித்தாய். "சார், எங்க கடற்கரையில ஒரு வழக்கம் உண்டு. சங்கு குளிக்க இறங்குறவனோட இடுப்புக் கயித்த அவன் மச்சான்தான் பிடிப்பான். வேற யார் கையிலயும் குடுக்க மாட்டான். ஏன்னா கயித்த விட்டா அறுந்து போறது அவன் கூடப்பொறந்தவ தாலி. முத்துக் குளிச்ச காலத்துலருந்து வார நம்பிக்கை சார் இது. அந்த நம்பிக்கைய டேங்க் வேலைக்குக் கொண்டு வந்ததே எங்க அப்பாதான். இன்னைக்கும் உங்க பெர்மிட் படிவத்துல, வெளியே காவல் நிக்கிற ஆளோட பேருக்குப் பக்கத்துல 'உறவுமுறை'ன்னு ஒரு கட்டம் இருக்கு. அது எங்க அப்பா போட்டது சார்." எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்தினாய். குரலை எங்கே தாழ்த்த வேண்டுமோ அங்கே தாழ்த்தினாய். சமையலறை வாசலில் உன் அம்மா நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் பால் பொங்கி அடுப்பில் வழிந்து தீய்ந்துகொண்டிருந்தது. அவள் திரும்பவில்லை. "எப்படிப்பா?" என்று கேட்டாய். "நல்லாருக்கு" என்றேன்.

அந்த ஒரு சொல்லைத் திரும்பப் பெறுவதற்காகத்தான் இவ்வளவும்.

அந்தக் கதையை உனக்குச் சொன்னவன் நான். பள்ளிவிட்டுத் துறைமுகச் சாலை வழியாக பைக்கில் வரும்போதெல்லாம் கேட்பாய். "மச்சான் கதை சொல்லுங்கப்பா." சொல்வேன். எப்போதும் ஒரே இடத்தில் முடிப்பேன். அதற்குமேல் கதை இல்லை என்று நீ எடுத்துக்கொண்டாய். அதற்குமேல்தான் கதை. அதை உன் அம்மா அறிவாள். இந்த ஊரில் வேறு சிலரும் அறிவார்கள். வியாழக்கிழமை உன் எதிரே நடு நாற்காலியில் உட்காரப் போகிறவர் நன்றாகவே அறிவார்.

முதலில் இதைத் தெரிந்துகொள். அந்த வழக்கம் நம்முடையது அல்ல. நான் உடன்குடிக் கடைக்காரரின் மகன். கல்லூரிக்கு வரும்வரை கடலில் முழங்காலுக்குமேல் நனைந்ததில்லை. வேதியியலில் முதுகலை முடித்து, துறைமுகத்தை ஒட்டிய டேங்க் டெர்மினலில் ஷிப்ட் கெமிஸ்டாகச் சேர்ந்தேன். கப்பலில் வரும் அமிலமும் எண்ணெயும் குழாய் வழியாக வந்து நிறைகிற பெரிய இரும்புத் தொட்டிகள் அங்கே வரிசையாக நிற்கும். தொட்டி காலியானதும் யாராவது மேன்ஹோல் வழியாக உள்ளே இறங்கி அடியில் தங்கிய கசண்டை வழித்தெடுக்க வேண்டும். அந்த வேலைக்கு ஒப்பந்தக்காரர் மீனவர் குடியிருப்பான திரேஸ்புரத்திலிருந்து ஆட்களைக் கூட்டி வருவார். சங்கு குளித்த உடம்புகள். இருட்டுக்கும் மூச்சடக்குவதற்கும் அஞ்சாதவர்கள். அவர்களில் சிலுவை என்று ஒருவன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவன்தான் என்னிடம் வந்து, "சார், உள்ள எறங்குதது நாங்க. மேல நிக்கிற ஆளு எங்க ஆளா இருக்கட்டும். எம் மச்சான் நிப்பான்" என்றான். அவன் மச்சான் பெயர் இன்னாசி. இன்னாசியின் தங்கை சகாயராணியைத்தான் சிலுவை கட்டியிருந்தான். ஏன் மச்சான் என்று கேட்டேன். கயிற்றுக் கதையைச் சொன்னான். படித்தவனுக்கு இப்படி ஒன்று காதில் விழுந்தால் எவ்வளவு மயக்கம் தரும் என்பதை நீ அறிவாய். உனக்கும் அந்த மயக்கம்தான். நான் சரி என்றேன்.

சில ஆண்டுகள் கழித்துப் பாதுகாப்பு அதிகாரி பதவி காலியானது. இப்போது நீ கேட்டுப் போகிற அதே பதவி. மூன்று வாரம் விழுந்து விழுந்து படித்தேன். விதிகள் அத்தனையும் மனப்பாடம். உள்ளே போனால், நடு நாற்காலியில் இருந்தவர் வேறு ஏதோ கோப்பில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே என் பதில்களைக் கேட்டார். அதாவது கேட்கவில்லை. நான் ஒவ்வொரு விதியாகச் சொல்லச் சொல்ல அறையில் ஒரு சலிப்பு படிவதை உணர்ந்தேன். பயந்துபோனேன். பயத்தில், கடைசிக் கேள்விக்கு விதியை விட்டுவிட்டு அந்தக் கதையைச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தார். "இது நல்லாருக்கே" என்றார். "இத சிஸ்டமாவே கொண்டு வந்திரலாமே. செலவும் கெடையாது." வேலை கிடைத்தது. வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் அந்தக் காட்சியை நடித்துக் காட்டினேன்.

எதிரே இருப்பவர் உன் பதிலைக் கேட்டு மகிழ்ந்துபோனால், எதற்காக மகிழ்கிறார் என்று அந்த நொடியிலேயே உன்னை நீ கேட்டுக்கொள். நான் கேட்டுக்கொள்ளவில்லை. "செலவும் கெடையாது" என்று அவர் சொன்னது என் காதில் பாராட்டாக விழுந்தது. அடுத்த மாதமே படிவத்தைத் திருத்தி அச்சடித்தேன். தொட்டிக்குள் இறங்குபவர் பெயர், வெளியே காவல் நிற்பவர் பெயர், உறவுமுறை. வெளியூரிலிருந்து தணிக்கைக்கு வந்தவர்களுக்கு அந்தக் கட்டத்தைக் காட்டி விளக்குவேன். அவர்கள் தலையை ஆட்டிக் குறித்துக்கொள்வார்கள். ஒருவர் என் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

சங்கு குளிக்கப் போகும் படகில், அந்த வள்ளத்தில், நிற்கும் மச்சான் கையில் கயிறு இருக்கிறது. கீழே இருப்பவன் ஒரு சுண்டு சுண்டினால் இவன் இழுப்பான். இழுப்பதுதான் அவன் வேலை. அவன் வள்ளத்தைவிட்டு இறங்கமாட்டான், இறங்கவேண்டிய அவசியமும் இல்லை. அந்த வழக்கத்தின் உயிர் கயிற்றில் இருந்தது. நான் கயிற்றை விட்டுவிட்டு மச்சானை மட்டும் எடுத்துக்கொண்டேன். தொட்டிக்குள் இறங்குகிறவன் உடம்பில் வார்ப்பட்டை கட்டி, மேலே முக்காலி நிறுத்தி, கைப்பிடியைச் சுற்றி ஆளைத் தூக்குகிற கருவி ஒன்று எங்களிடமும் இருந்தது. தணிக்கைக்காக வாங்கியது. அதை நிறுத்தவும் கழற்றவும் முக்கால் மணி நேரம் ஆகும், கப்பல் காத்திருக்கும். ஆகவே அது பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படாமல் சரக்குக் கிட்டங்கியில் கிடந்தது. அது அங்கே கிடப்பது எனக்குத் தெரியும். மேலே நின்ற இன்னாசிக்கு நான் கொடுத்தது ஒரு விசில், நேரத்தைக் குறிக்க ஒரு பலகை, ஒரு பேனா.

அன்று ஏழாம் எண் தொட்டி. காலையில் நானே காற்றைச் சோதித்தேன். சரியாக இருந்தது. நாள் முழுவதற்குமாகச் சேர்த்து பெர்மிட்டில் கையெழுத்துப் போட்டேன். மதிய இடைவேளைக்குப் பிறகு மறுபடி சோதிக்க வேண்டும் என்பது விதி. உன்னிடம் ஞாயிற்றுக்கிழமை கேட்டேன், சரியாகச் சொன்னாய். நானும் நேர்காணலில் சரியாகத்தான் சொல்லியிருந்தேன். தொட்டிக்கு வரும் நைட்ரஜன் குழாயைத் தகடு போட்டு அடைத்திருக்க வேண்டும். வால்வு மூடியிருந்தால் போதும் என்று விட்டேன். மூடிய வால்வு கசிந்தது. ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் தொட்டிக்குள் நைட்ரஜன் மெல்ல நிறைந்து, மூச்சுவிடும் காற்றை வெளியே தள்ளிவிட்டது. அதற்கு நிறமில்லை, வாடையில்லை, கண் எரியாது, இருமல் வராது. காற்றைச் சோதிக்கும் மீட்டர் என் அறை அலமாரியில் பூட்டிக் கிடந்தது. சாவி என் சட்டைப் பையில். நான் விருந்தினர்களுக்குப் படிவத்தைக் காட்டிக்கொண்டிருந்தேன்.

அப்போது நடந்ததைப் பக்கத்துத் தொட்டியின்மேல் இருந்த வெல்டர் ஒருவர் பிறகு எனக்குச் சொன்னார். இறங்கும்போது இருவருக்கும் எப்போதும் போலக் கேலிதான். "ஏ மாப்ள, உள்ள போயி படுத்து ஒறங்கிராதயும்" என்றிருக்கிறான் இன்னாசி. "ஒறங்குனா என்ன? ஒந் தங்கச்சி வாய்க்கு உள்ள இருட்டே தேவல" என்று சிலுவையின் குரல் ஏணியிலிருந்து வந்திருக்கிறது. இன்னாசி சிரித்தபடி பலகையில் நேரத்தை எழுதியிருக்கிறான். சிறிது நேரத்தில் குனிந்து பார்த்தவன், "மாப்ள, என்ன ஒக்காந்துட்டீரு?" என்று கேட்டிருக்கிறான். பதில் இல்லை. விசிலை ஊதினான். மூன்று முறை ஊதினான் என்றார் வெல்டர். அந்தச் சத்தம் எனக்கும் கேட்டது, மகனே. பேச்சை நிறுத்தவில்லை. கிரேன்காரர்கள் ஊதுகிறார்கள் என்று நினைத்தேன். நான்காவது விசில் வரவில்லை. இன்னாசி பலகையைத் தரையில் வைத்துவிட்டு இறங்கிவிட்டான்.

இருவரையும் வெளியே எடுக்க, அந்தப் பிளாஸ்டிக் உறையைக் கத்தியால் கிழித்தோம்.

பிறகு விசாரணை. நான் வாழ்க்கையில் எதற்கும் அப்படித் தயாரானதில்லை; யாரும் என்னை அப்படித் தயார் செய்ததும் இல்லை. நிறுவனத்தின் வக்கீல் மூன்று நாள் என்னை எதிரே உட்கார வைத்துக் கேள்வி கேட்டார். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. 'எனக்குத் தெரிந்தவரை'ன்னு ஆரம்பிங்க. வருத்தம் முகத்துல இருக்கட்டும், வாயில வேண்டாம்." நான் நல்ல மாணவன். "காவல் நிற்பவர் எந்தச் சூழ்நிலையிலும் உள்ளே இறங்கக் கூடாது என்று அறிவுறுத்தப்பட்டிருந்தார். அவர் அந்த அறிவுறுத்தலை மீறினார்" என்று ஒரு சொல் பிசகாமல் சொன்னேன். மதியச் சோதனை நடந்ததா என்று கேட்டார்கள். நடந்தது என்றேன். படிவத்தில் அதற்கான கட்டத்தில் இருபது புள்ளி ஒன்பது என்று எழுதியிருந்தது. நல்ல காற்றின் அளவு. அதை நான் சம்பவம் நடந்து ஒரு மணி நேரத்துக்குப் பிறகு, நடு நாற்காலிக்காரரின் அறையில், அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தபோது எழுதினேன். அவர் எழுதச் சொல்லவில்லை. படிவத்தை மேசைமேல் வைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டார், அவ்வளவுதான். அவரிடம் எதையும் நிரூபிக்க முடியாது. அப்படிப்பட்டவர்கள் எப்போதும் ஜன்னல் பக்கமாகவே நிற்பார்கள்.

முப்பதாம் நாள் பூசைக்கு நிறுவனத்தின் சார்பில் என்னைத்தான் அனுப்பினார்கள். திரேஸ்புரத்தில் சகாயராணியின் வீடு. புருஷன் படமும் அண்ணன் படமும் ஒரே சுவரில், ஒரே மாலைக் கடையில் வாங்கிய மாலைகளோடு. அவள் எனக்கு நாற்காலி போட்டாள். அழவில்லை. "சார், ஒண்ணு கேக்கணும், கோவப்படாதிய" என்றாள். கேளுங்கம்மா என்றேன். "எங்கண்ணன் சொன்னத மீறி எறங்கிட்டாம்னு எழுதிருக்கியளாம. மேல அவந்தான் நிக்கணும்னு கட்டம் போட்டு எழுதுனது நீங்கதான? உள்ள கெடக்கது தங்கச்சி மாப்ள. அவன் வேடிக்கை பாத்துட்டு நிப்பான்னா அங்கன நிறுத்துனிய?" அவள் விடவில்லை. "எங்க வள்ளத்துல மச்சான் கையில கயிறு இருக்கும் சார். ஒங்க டேங்குல அவங் கையில என்ன குடுத்திய?"

விதிகள் தெரிந்தவன், வக்கீலிடம் மூன்று நாள் பாடம் கேட்டவன், அந்த ஒரு கேள்விக்குத் தயாராகவில்லை. "நான் வாரேம்மா" என்று எழுந்தேன். அதுதான் நான் சொன்ன பதில். அதற்குப் பிறகும் ஒன்பது ஆண்டுகள் அதே நிறுவனத்தில் இருந்தேன். நீ படித்ததும் வளர்ந்ததும் அந்த ஆண்டுகளில்தான். உனக்கு நான் கதை சொன்னதும் அந்த ஆண்டுகளில்தான் என்பதை நீ இப்போது கணக்கிட்டுப் பார்ப்பாய். ஆம். இருவரும் செத்த பிறகுதான் உனக்குச் சொன்னேன். ஒரு குழந்தையாவது அந்தக் கதையை முன்பு போலக் கேட்க வேண்டும் என்று எனக்கு இருந்தது. இதற்குமேல் அதற்கு ஒரு நியாயமும் என்னிடம் இல்லை.

இரண்டு மாதத்துக்கு முன்பு நடு நாற்காலிக்காரர் என்னைக் கூப்பிட்டார். இப்போது இயக்குநர்; வியாழக்கிழமையும் அந்த நாற்காலியில் அவர்தான். "பையன் சேஃப்டி முடிச்சிருக்கானாமே? அனுப்பி வைங்க. ஒங்கள மாதிரி ஒரு ஆளு இல்லாம இங்க செரமமா இருக்கு" என்றார். எனக்கு அரை நாள் பெருமையாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். மாலையில்தான் அந்த வாக்கியம் முழுதாக உள்ளே இறங்கியது. என்னை மாதிரி ஓர் ஆள். அந்தப் பதவியில் எனக்குப் பிறகு மூன்று பேர் வந்து போய்விட்டார்கள். ஏன் போனார்கள் என்று உன் நேர்காணல் குறிப்பேட்டில் ஒரு வரி இல்லை. நிறுவனத்தின் விருதுகளைப் பற்றி நான்கு பக்கம் இருக்கிறது. அதைப் பார்த்ததும் எனக்கு உன்மேல் வந்த கோபம் நியாயமானதுதான். ஒரு வீட்டில் பெண் எடுப்பதென்றால் உன் அம்மா ஏழு தெருவில் விசாரிப்பாள். நீ கையெழுத்துப் போடப் போகிற இடத்தைப் பற்றி அவர்களுடைய இணையப் பக்கத்தை மட்டும் படித்திருக்கிறாய்.

நேர்காணலுக்குத் தயாராவது என்றால் என்ன என்று இப்போது சொல்கிறேன். தாமதமாகச் சொல்கிறேன் என்பதையும் சேர்த்தே கேள். புதன்கிழமை பாளையங்கோட்டையிலிருந்து வரும்போது நேரே வீட்டுக்கு வராதே. மதியச் சாப்பாடு முடிகிற நேரத்தில் அந்த வாசலுக்கு எதிரே உள்ள டீக்கடையில் போய் உட்கார். வெளியே வரும் ஒப்பந்த ஆட்களிடம், உள்ளே மறுபடி போகும்போது மீட்டரோடு யாராவது வருகிறார்களா என்று கேள். எனக்கு முன்னும் பின்னும் அந்தப் பதவியில் இருந்தவர்களில் ஒருவரையாவது தேடிப் பிடி. ஒருவர் பக்கத்தில்தான், ஆழ்வார்திருநகரியில் கடை வைத்திருக்கிறார். ஏழாம் எண் தொட்டியைக் காட்டச் சொன்னால் அப்படி ஒன்று இல்லை என்பார்கள். புதுச் சாயம் பூசி, பன்னிரண்டு என்று எழுதியிருக்கிறார்கள். "நெருக்கடியில் நெளிவுசுளிவாக நடந்துகொள்வீர்களா?" என்று ஒரு கேள்வி கட்டாயம் வரும். நீ அதற்கு ஓர் அழகான பதில் வைத்திருக்கிறாய், கேட்டேன். என் பதிலும் அழகாகத்தான் இருந்தது. அவர்கள் கேட்பது, மீட்டர் அலமாரியில் இருக்கும்போது நீ கையெழுத்துப் போடுவாயா என்பதைத்தான். அதற்கு மாட்டேன் என்பதைத் தவிர நீ எதைச் சொன்னாலும் அவர்களுக்கு அது ஆமாம் என்றே கேட்கும்.

நேற்று திரேஸ்புரம் போனேன். இத்தனை ஆண்டுகளில் இரண்டாவது முறை. சகாயராணி என்னை அடையாளம் கண்டுகொள்ளச் சற்று நேரம் ஆனது. "அந்தக் கட்டம் போட்ட சாரா?" என்றாள். உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே, மதியச் சோதனை நடக்கவில்லை, நான் எழுதியது பொய், இன்னாசி எதையும் மீறவில்லை என்று சொன்னேன். அவள் முகத்தில் ஆச்சரியம் எதுவும் இல்லை. "இது எங்களுக்குத் தெரியும்லா சார். நீங்க யார்ட்ட சொல்லணுமோ அவியள்ட்ட சொல்லுங்க" என்றாள். பிறகு, "எங்க சின்னவனும் இப்ப அங்கதான் டேங்க் கழுவப் போறான். நாஞ் சொன்னாக் கேக்கானா? போன மாசம் அவனுக்கு மேல நின்னது அவன் மச்சான்" என்றாள். தூக்கும் கருவி வைத்தார்களா என்று கேட்டேன். "அந்தப் பொட்டி இன்னும் கிட்டங்கியிலதான் கெடக்காம்." சின்னவன் என்றது அவளுடைய கடைசித் தம்பியை. வியாழக்கிழமை உனக்கு வேலை கிடைத்தால், அவன் இறங்கும் தொட்டிக்குக் கையெழுத்துப் போடப் போகிறவன் நீ.

இன்று காலை என் வாக்குமூலத்தை எழுதி, கையெழுத்திட்டு, மூன்று பிரதி எடுத்தேன். ஒன்றைத் தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்தில் கொடுத்து முத்திரை வாங்கினேன். ஒன்றைச் சகாயராணியிடம் கொடுத்தேன்; வழக்கைத் திறக்க முடியுமா என்று அவளுடைய தேவாலயப் பங்குச் சாமியார் மூலம் ஒரு வக்கீலைப் பார்க்கிறார்கள். மூன்றாவதை நடு நாற்காலிக்காரரின் அலுவலகத்தில் சேர்த்தேன். உன் நேர்காணலுக்கு இரண்டு நாள் இருக்கும்போது இதைச் செய்தேன். தெரிந்தேதான் செய்தேன். உன் அம்மா, "வெள்ளிக்கெழம குடுத்தா என்னங்க? பிள்ள வேலைய முடிச்சிட்டு வந்திரட்டுமே" என்றாள். அந்த ஒரு நாளை நான் எடுத்துக்கொண்டால், அதற்கடுத்த நாளையும் எடுத்துக்கொள்வேன். என்னை எனக்குத் தெரியும்.

மாலை நான்கு மணிக்கு அவர் கூப்பிட்டார். குரலில் கோபமே இல்லை. "லெட்டர் பாத்தேன். ஒடம்பு எப்படி இருக்கு ஒங்களுக்கு? ஒறக்கம்லாம் சரியா வருதா?" என்று விசாரித்தார். நன்றாக வருகிறது என்றேன். "பையன் வியாழக்கெழம வரட்டும். இன்டர்வியூல ஒரு மாத்தமும் இல்ல. நல்ல பையன்னு கேள்விப்பட்டேன். அவங்கிட்ட ஒரு சின்ன பேப்பர் மட்டும் வாங்கிக்கிடுதோம். அப்பாவுக்குக் கொஞ்ச நாளா மனசு சரியில்ல, வீட்டுல கவனிச்சிக்கிட்டு வாரோம்னு ரெண்டு வரி. குடும்பத்து ஆளு எழுதிக் குடுத்தா அதுக்கு ஒரு மதிப்பு இருக்குல்லா?" என்றார். உன் அம்மாவைக் கேட்டதாகச் சொல்லச் சொல்லி வைத்துவிட்டார்.

ஆகவே வியாழக்கிழமை உன்னிடம் கேட்கப்போவது இது ஒன்றுதான். மற்றவையெல்லாம் நேரத்தைக் கடத்துவதற்கு. இதற்கு என்ன பதில் என்று உனக்கு நான் சொல்லித்தரமாட்டேன். எழுதாதே என்று கெஞ்சவும் மாட்டேன். எழுதாவிட்டால் இந்தத் துறைமுகச் சாலையில் எந்த நிறுவனமும் உன்னை உள்ளே விடாது. அதைச் செய்தவன் நான் என்று நீ சொன்னால் மறுக்கமாட்டேன். எழுதிக் கொடுத்தால் வேலை அன்றே உறுதி. நான் என் வாக்குமூலத்தைத் திரும்பப் பெறப் போவதில்லை. வழக்கு திறந்தால், என் வாக்குமூலத்தை மனம் பிசகியவன் பேச்சு என்று தள்ளி, இன்னாசி தன் சாவுக்குத் தானே பொறுப்பு என்று நிலைநாட்ட அவர்களிடம் இருக்கும் ஒரே சாட்சி நீதான். உன்னைக் கூண்டில் ஏற்றுவதற்கு முன் ஒரு வக்கீல் மூன்று நாள் எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்பார். அப்பாவுக்கு எப்போதிலிருந்து இப்படி, முதலில் எதைக் கவனித்தீர்கள், வருத்தம் முகத்தில் மட்டும் இருக்கட்டும் என்றெல்லாம் சொல்லித்தருவார். நீ என்னைவிடக் கெட்டிக்காரன். இரண்டே நாளில் படித்துவிடுவாய். சகாயராணி முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள்.

உன் அப்பா